பெங்களூருவில் நிம்மதியாக சைக்கிள் மிதிக்க எங்கே போவது?

காடுகோடி வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் சென்ற ஆண்டு பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்து, காடுகோடியில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறேன். ஊரில் இருந்தவரை, விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வரை மிதித்து, அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏழரை மணிக்குள் வீடு திரும்புவது என் வழக்கம். அந்தப் பழக்கத்தை விட மனமில்லாமல் இங்கே வந்த கையோடு 35 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இருநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பெரும்பாலான நாள் பால்கனியில் துணி காயப்போடத்தான் அது உதவுகிறது.

காரணம் சோம்பல் மட்டுமன்று. முதல் வாரமே வீட்டுக்கு அருகில் மழைநீர் வடிகாலுக்கு மேல் போட்டிருந்த இரும்புச் சட்டத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. அந்தச் சட்டத்தின் கம்பிகளைச் சாலைக்குக் குறுக்காக வைக்காமல், வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் வைத்திருந்தார்கள். இரண்டு கம்பிகளுக்கு இடையிலிருந்த இடைவெளி, அளந்து வைத்தாற்போல் என் டயருக்குச் சரியாக இருந்தது. முழங்கையில் நான்கு தையல். அதன்பின் எட்டு மணிப் போக்குவரத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே செல்லும் துணிவு வரவில்லை.

எனக்குத் தேவை இரண்டு. ஞாயிறு காலையில் நாற்பது முதல் அறுபது கிலோமீட்டர் வரை, ஓரளவு மரமும் ஏரியும் கண்ணில் படும்படி மிதிக்க ஒரு வழி. அடுத்தது, பதினொரு வயதாகும் என் மகள் அண்மையில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடுக்ககத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் தூண்களைச் சுற்றிச் சுற்றி அவளுக்கு அலுத்துவிட்டது. அவளை நம்பி எங்கே அழைத்துச் செல்லலாம்? கூகுளில் தேடினால் எல்லோரும் நந்தி மலை என்கிறார்கள். அதை விட்டால் இந்த ஊரில் வேறு இடமே இல்லையா?

ஃபிரேசர் டவுன்காரர் எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. முழங்கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நகரத்தில் சைக்கிள் மிதிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெங்களூரில் சைக்கிளுக்கு நல்ல இடம் எது என்று தேடினால் நாலைந்துதான் கிடைக்கும், நல்ல நேரம் எது, நகரத்தை விட்டு வெளியேறும் வழி எது என்று தேடினால் எத்தனையோ கிடைக்கும். மற்ற நேரத்தில் பிணக்காடாய்த் தோன்றும் சாலையே ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேறு சாலை. ஆகவே முதலில் கடிகாரம். இங்கே ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரி பிற்பகுதியில் ஆறே முக்காலுக்குத்தான். கோடையில் ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெளியூர்க் கார்கள் திரும்பத் தொடங்கிவிடும்.

அடுத்து நிலத்தின் அமைப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது நம் நகரம். மேற்கே விழும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது தட்சிண பினாகினிக்குப் போகிறது. தட்சிண பினாகினி என்றால் வேறு யாருமல்ல, நந்தி மலைப் பக்கம் பிறந்து ஹொஸ்கோட்டையைத் தொட்டு, உங்கள் காடுகோடிக்குக் கிழக்காக இறங்கி, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் சேரும் நம் தென்பெண்ணைதான். (பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு போகிறது என்பது வேறு துயரம்.) இதனால் சைக்கிள்காரனுக்கு என்ன? போகும்போது இறக்கமும் வரும்போது ஏற்றமும் என்பதே கணக்கு. மாகடி சாலையில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வரை காற்றாய்ப் பறந்து போனவர்கள், வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று வியப்பார்கள். அந்த நீரையே மேலே ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவர 1930-களில் பம்பு வைக்க வேண்டியிருந்தது. நம் கால்கள் எம்மாத்திரம்?

ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குத் திசைக்கு ஓர் ஈடு உண்டு. போகும்போது காற்று முகத்தில் அறையும். வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். கிழக்கே குடியிருக்கும் உங்களுக்கு இது தலைகீழ்: அந்த மூன்று மாதங்களில் உங்கள் வழிகளில் திரும்பி வருவது ஏற்றமும் எதிர்க்காற்றும் சேர்ந்தது. பாதி வழியிலேயே திரும்பிவிடும் பக்குவம் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி சிக்க திருப்பதி. வர்த்தூர், குஞ்சூர் வழியாகச் சர்ஜாபுரம் வரை கட்டடங்கள் விடாமல் துரத்தும். சர்ஜாபுரம் கடந்தபின் தைல மரத் தோப்பும் ராகி வயலும் பசுமைக்குடில்களில் ரோஜாவும் தொடங்கிவிடும். மாலூர் வட்டத்தில் இருக்கும் அந்தப் பெருமாள் கோயில் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு காபி குடித்துத் திரும்பலாம். சனிக்கிழமைகளில் கோயில் கூட்டம் அதிகம், ஞாயிறு பரவாயில்லை. அது அலுத்தால் ஹொஸ்கோட்டை. பழைய சென்னை நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே போகாமல், காடுகோடியிலிருந்து வடக்காகக் கிராமச் சாலைகளில் சென்று ஏரிக்கரையை அடையுங்கள். விடியலுக்கு முன்பே அங்கே பிரியாணிக்கு வரிசை நிற்கும். ஆறு மணிக்கு ஆட்டுப் பிரியாணி தின்றுவிட்டு மிதிப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை முயன்றேன், நண்பரின் காரில்தான் திரும்பினேன்.

ரிங் ரோடு பயணி எழுதுகிறார்:

மேலே எழுதியவரின் நேரக் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தும். வாரநாள்களில் சைக்கிளில் அலுவலகம் செல்லும் என்னைப் போன்றவர்களுக்கு இடம்தான் முக்கியம், அது இல்லை என்பதே உண்மை.

2020-இல் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் பக்கம் லோரி சந்திப்பு வரை சுமார் 17 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை ஒதுக்கி, சாலையோரம் கம்பங்கள் நட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் சாலை காலியாக இருந்தபோது அந்தப் பாதையில் தினமும் போய்வந்தேன். மாரத்தஹள்ளியிலிருந்து பெல்லந்தூர் வரை ஒருமுறைகூடக் காலைத் தரையில் ஊன்றாமல் போன நாள்கள் உண்டு. பிறகு அலுவலகங்கள் திறந்தன. கம்பங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. பேருந்துக்குக் காத்திருப்போர், ஆட்டோக்கள், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர்கள் என்று பாதை நிரம்பியது. மெட்ரோப் பணிக்காகத் தடுப்புகள் வந்தபின் மிச்சமும் போயிற்று. அதற்கு முன்பே ஜெயநகரில் போட்ட சைக்கிள் தடங்களில் கார்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஆகவே வரைபடத்தில் சைக்கிள் பாதை என்று பச்சைக்கோடு காட்டினால் அதை நம்பி மகளை அழைத்துச் செல்ல வேண்டாம். முதலில் தனியாக ஒருமுறை போய்ப் பாருங்கள். வடிகால் சட்டங்களைப் பற்றி ஒரு சொல்: மழைக்காலத்தில் சாலையின் இடது ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். தேங்கிய நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து, நேர்கோட்டில் செல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள். அடிக்காதவரைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

பனசங்கரி வாசகி எழுதுகிறார்:

ஃபிரேசர் டவுன் ஐயா சொன்ன மேடு பள்ளக் கணக்கை மிகவும் ரசித்தேன். ஐந்து ஆண்டுகளாகக் கனகபுரா சாலையில் திரும்பும்போது திணறியதற்குக் காரணம் இப்போதுதான் விளங்கிற்று. ஆயினும் ஐந்தரைக்குக் கிளம்புங்கள் என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. தனியாகச் செல்லும் பெண்ணுக்கு, கோடையில்கூட ஐந்தரை மணி என்பது நன்றாக விடியாத நேரம். அந்த நேரத்தில் தெருநாய்களும் கூட்டமாக விழித்திருக்கும். ஒரு நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கவே கால் துடிக்கும். நான் செய்வது வேறு. இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் நிறுத்தி, அதட்டிக்கொண்டே பத்தடி நடப்பேன். ஓடாத பொருளைத் துரத்துவதில் நாய்க்கு ஆர்வம் போய்விடுகிறது. நான்கில் மூன்று முறை இது பலித்திருக்கிறது. நான்காவது முறை காலுறை கிழிந்தது, தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அதனால் நான் வெளிச்சம் வந்தபின்தான் கிளம்புகிறேன், பெரும்பாலும் நாலைந்து பேரோடு.

உங்கள் பக்கத்திலிருந்து தெற்கே வர விருப்பமிருந்தால், ஆனேக்கல்லிலிருந்து தளி செல்லும் சாலை எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லை கடந்ததும் பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாறும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் காரணமில்லாமல் மிதியை நிறுத்திவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று பெயரிட்ட ஊர் தளி. காலைப் பனியில் அந்தப் பெயர் மிகையாகத் தோன்றாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. அது பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஓசூர் வனக் கோட்டத்துக்கு யானைகள் இடம்பெயரும் பகுதி. ராகி விளைந்திருக்கும் மாதங்களில், குறிப்பாக அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, அவை கூட்டமாக வரும். சூரியன் நன்றாக மேலே வருமுன் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் செல்ல வேண்டாம். தேநீர்க் கடையில் இன்று யானை எங்கே என்று கேட்டுவிட்டு மேலே போவது அங்குள்ளோர் வழக்கம், நமக்கும் அதுவே நல்லது.

நந்தி மலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1,478 மீட்டர் உயர மலை. அடிவாரத்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்கும் மேல் இடைவிடாத ஏற்றம், கடைசிப் பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள். மலை மீது எனக்குக் குறையில்லை, போகும் வழி மீதுதான். விமான நிலையச் சாலையில் ஒவ்வொரு மேம்பாலமும் முடியும் இடத்தில், பாலத்திலிருந்து இறங்கும் கார் இடப்பக்கமாக வர, நாம் நேராகப் போக, இருவரும் ஒரே இடத்தில் சந்திக்கிறோம். வார இறுதியில் சூரிய உதயம் பார்க்க விரையும் வண்டிகள் வேறு. போவதென்றால் வாரநாளில் விடுப்பு எடுத்துப் போங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் தேவை. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும்.

மைசூரு பக்கம் பிடதிக்குத் தட்டை இட்லி சாப்பிடப் போகும் ஆசை வந்தால் சர்வீஸ் சாலையிலேயே செல்லுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வண்டிகளுக்கே அனுமதியில்லை, சைக்கிளுக்குச் சொல்லவே வேண்டாம். வழியில் பிரிந்து ராமோஹள்ளிப் பெரிய ஆலமரத்துக்கும் போகலாம். மூன்று ஏக்கர் அளவுக்கு விழுதுவிட்டுப் பரந்திருக்கும் ஒரே மரம் அது. மகள் சற்று வளர்ந்தபின் அவசியம் காட்டுங்கள். குரங்குகளுக்கு வாழைப்பழம் எடுத்துச் செல்வதாகச் சைக்கிள் பையில் வைத்திருந்தால், நீங்கள் கொடுக்கும் வரை அவை காத்திருக்கமாட்டா.

மடிப்பு சைக்கிள் எழுதுகிறார்:

நண்பர்கள் எல்லோரும் தந்தைக்கே வழி சொல்கிறீர்கள். மகளுக்கு இப்போதே ஏற்ற இடம் எது என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு வயதுக் குழந்தைக்கு இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் கப்பன் பூங்கா, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. 1870-இல் அமைந்த முந்நூறு ஏக்கர் பூங்கா அது. மற்ற நாள்களில் அதன் குறுக்கே கார்கள் ஓடும், ஞாயிறன்று மோட்டார் வாகனங்களை உள்ளே விடுவதில்லை. தார்ச்சாலை முழுவதும் குழந்தைகளுக்கும் நாய் வளர்ப்போருக்கும் நடப்பவர்களுக்கும் கிடைத்துவிடுகிறது. லால்பாக்குக்குச் சைக்கிளோடு போய் ஏமாற வேண்டாம், அது நடப்பவர்களின் தோட்டம்.

காடுகோடியிலிருந்து மெட்ரோ ரயிலின் ஊதா வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது. 2022 முதல் மடிப்பு சைக்கிளுக்கு அனுமதி உண்டு: கடைசிப் பெட்டி, 15 கிலோவுக்குள், மடித்தால் 60-க்கு 45-க்கு 25 சென்டிமீட்டருக்குள். இந்த அளவை நம்பி அளவுநாடாவோடு நான்கு கடை ஏறி இறங்கினேன். இருபது அங்குலச் சக்கரம் கொண்ட எந்த மடிப்பு சைக்கிளும் அதற்குள் அடங்கவில்லை. என்னுடையதைப் போர்வைத் துணியில் சுற்றிக்கொண்டு போகிறேன். நுழைவாயிலில் இருப்பவர் நாடா எடுத்து அளந்ததில்லை என்பதால் பயணம் தொடர்கிறது. உங்கள் மகளின் சைக்கிள் மடிப்பு வகை இல்லையெனில், காரின் பின்னால் மாட்டும் தாங்கி ஒன்று வாங்குவதே நேர்வழி.

காடுகோடி வாசி எழுதுகிறார்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருளுங்கள். உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லுமுன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஞாயிறு, நண்பரின் காரில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கப்பன் பூங்காவுக்குப் போனோம். மகள் முதல் கால் மணி நேரம் என் பின்சக்கரத்தை விட்டு விலகவேயில்லை. மூங்கில் புதர்ப் பக்கம் வந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். இதயம் நின்றேவிட்டது. அவளோ என்னைக் கடந்து முன்னால் போய், தன் வயதுப் பெண்கள் இருவரோடு கன்னடத்தில் பந்தயம் பேசிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இத்தனை நாளும் கன்னடம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்!

அடுத்த ஞாயிறு நான் தனியாகச் சிக்க திருப்பதி போனேன். வாசகி சொன்னதைக் கேட்டு வெளிச்சம் வந்தபின்தான் கிளம்பினேன். நாய்கள் படுத்தே கிடந்தன. சர்ஜாபுரம் தாண்டியதும் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. ஈர மண் வாசம், எங்கோ ஒரு மோட்டார் பம்பின் ஓசை. கண்ணை மூடினால் கிருஷ்ணாபுரம். கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரம் பஞ்சர். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் நொடியில் ஒட்டிவிட்டார், ஆனால் காற்றடிக்க முடியவில்லை. என் சைக்கிளின் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. அவருடைய பம்பின் வாய் மோட்டார்சைக்கிள் வால்வுக்கானது. அவர் அதைத் திருகிப் பார்த்து, ஊதிப் பார்த்து, கடைசியில் பள்ளிக்கூடம் போகும் பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். சுண்டுவிரல் நகமளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பால் வண்டியில் சைக்கிளை ஏற்றிச் சர்ஜாபுரம் வந்து, அங்கிருந்து மனைவியை அழைத்தேன். பெருமாளைப் பார்க்கவில்லை.

இப்போது அடாப்டர் வாங்கி வால்விலேயே மாட்டி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மறுபடி முயலலாம் என்றிருக்கிறேன். யாரேனும் உடன் வருவீர்களா?

ஃபிரேசர் டவுன்காரர் எழுதுகிறார்:

வருகிறேன் ஐயா. வாசகியின் கட்சிக்கு மாறிவிட்டதால் ஆறேகாலுக்கு வர்த்தூர் ஏரிக்கரையில் நிற்பேன். நீல ஹெல்மெட், வெள்ளைத் தாடி. உதிரி டியூப் ஒன்று நீங்களே எடுத்து வாருங்கள், என் பையில் இருப்பது 28 மில்லிமீட்டர் டயருக்கானது. பிரியாணி வேண்டாம்.